சிறுநீரில் ஃபென்டனில், டிரமடால், டபென்டடால்: ஸ்கிரீனிங் முதல் ரிப்போர்ட் வரை

‘ஓபியேட் (மார்ஃபின், கோடீன் வகை) நெகட்டிவ்’ என்று ஒரு ரிப்போர்ட் வந்தால், ‘ஓபியாய்டு (மார்ஃபின் போல வேலை செய்யும் மருந்து) எதுவும் இல்லை’ என்றுதான் பெரும்பாலான வார்டுகளில் அதைப் படிக்கிறார்கள். ஆபத்து அங்கேயே தொடங்குகிறது. வழக்கமான ஓபியேட் கிட்டில் இருக்கும் ஆன்டிபாடி மார்ஃபினைப் பிடிப்பதற்காக உருவாக்கப்பட்டது. கோடீனையும் பிடிக்கும். ஆனால் ஃபென்டனிலின் மூலக்கூறு அமைப்பு மார்ஃபினோடு ஒட்டாத வேறு குடும்பம். டிரமடால், டபென்டடால், மெத்தடோன் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். ஃபென்டனில் அதிகமாகி மூச்சு நின்று வந்தவரின் சிறுநீரும் அந்தக் கிட்டில் சுத்தமாக நெகட்டிவ் காட்டும். அது கிட்டின் பழுதல்ல. அதனிடம் கேட்ட கேள்விதான் வேறு.

எனவே முதல் வேலை, எந்த மூலக்கூறைத் தேடுகிறோம் என்று முடிவு செய்வது. இந்தக் குறிப்பு ஐந்து பொருட்களுக்கானது: ஃபென்டனில், அதன் சிதைபொருளான நார்ஃபென்டனில், டிரமடால், அதன் சிதைபொருளான ஓ-டெஸ்மெத்தில் டிரமடால், டபென்டடால். வட அமெரிக்காவில் ஃபென்டனில் முதலிடம். இந்தியாவில் மாத்திரையாகக் கிடைக்கும் டிரமடாலும் டபென்டடாலும்தான் அன்றாடத் தலைவலி. டிரமடாலை 2018 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். அதன்பின் தமிழ்நாட்டில் போலீஸ் பிடிக்கும் ‘வலி நிவாரணி மாத்திரை’ செய்திகளில் டபென்டடாலின் பெயர் அடிக்கடி வருகிறது.

சாம்பிள் வரும்போதே பார்க்க வேண்டியவை

பாலிபுரோப்பிலீன் டப்பாவில் வாங்குங்கள். ஃபென்டனில் கொழுப்பை நாடும் பொருள். கண்ணாடிச் சுவரிலும் ஒட்டும், சில பிளாஸ்டிக்கிலும் ஒட்டும். தேடுவதே ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் அளவில் என்பதால், சுவரில் கொஞ்சம் போனாலும் கணக்கு மாறிவிடும்.

சிறுநீர் கழித்த 4 நிமிடத்துக்குள் வெப்பநிலை 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். லேபுக்கு வந்ததும் கிரியாட்டினின், ஒப்படர்த்தி, பிஎச், நைட்ரைட் ஆகிய நான்கையும் பாருங்கள். அமெரிக்க அரசின் பணியிடப் பரிசோதனை விதிகளில் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே, 2 வரை போய், ஒப்படர்த்தியும் 1.003-க்குக் கீழே இருந்தால் ‘நீர்த்தது’. 2-க்கும் கீழே போய் ஒப்படர்த்தியும் மனிதச் சிறுநீருக்குப் பொருந்தாவிட்டால் ‘மாற்றி வைக்கப்பட்டது’. பிஎச் 4-க்குக் கீழேயோ 11-ம் அதற்கு மேலோ இருந்தால் ‘கலப்படம்’. மருத்துவமனை லேபுகளும் இந்த எல்லைகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நோயாளி நிறையத் தண்ணீர் குடித்திருந்தாலும், டையூரிடிக் மாத்திரை எடுத்தாலும் சிறுநீர் நீர்த்துப்போகும். ‘நீர்த்தது’ என்பது அளவீடு. அதை யார் மேலும் சுமத்தும் குற்றச்சாட்டாக எழுதக் கூடாது.

சாம்பிள் எடுத்த நேரமும், அதற்கு முன் மருத்துவமனையிலேயே கொடுத்த மருந்துகளும் கோரிக்கைத் தாளில் இருந்தே ஆக வேண்டும். ஆம்புலன்ஸில், மயக்க மருந்தோடு, பிரசவ வலிக்கு எபிடியூரலில் என்று ஃபென்டனில் பல வழிகளில் சிகிச்சையாகவே உள்ளே போகிறது. பிரசவத்துக்குப் பின் எடுத்த சிறுநீரில் ஃபென்டனில் பாசிட்டிவ் என்று எழுதி, எபிடியூரல் கொடுத்ததைப் பார்க்காமல் விட்டால் ஒரு குடும்பமே அல்லாடிப்போகும்.

ஓரிரு நாளில் பார்ப்பதென்றால் 2–8 டிகிரி போதும். அதற்கு மேல் −20. உருக்கியதும் நன்றாகக் கவிழ்த்துக் கலக்கி, பிறகே பிப்பெட் வையுங்கள். உறைந்து உருகிய சிறுநீரில் அடியில் உப்பு படிந்திருக்கும்.

ஸ்கிரீனிங்: கிட் சொல்வதும் சொல்லாததும்

ஃபென்டனிலுக்குத் தனி இம்யூனோஅசே (ஆன்டிபாடியால் பிடிக்கும்) கிட் வேண்டும். புழக்கத்தில் இருக்கும் பலவற்றின் கட் ஆஃப் (பாசிட்டிவ் என்று சொல்லத் தேவையான குறைந்த அளவு) 1 அல்லது 2 நானோகிராம்/மி.லி. அமெரிக்க அரசின் பணியிடப் பட்டியலில் 2025 ஜூலை 7 முதல் ஃபென்டனிலைச் சேர்த்தபோது ஸ்கிரீனிங் கட் ஆஃபை 1 என்றுதான் வைத்தார்கள். மார்ஃபினுக்கு அதே விதியில் 2000. இந்த வித்தியாசத்தை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால், ஃபென்டனில் வேலையில் ஏன் இவ்வளவு கவனம் என்பது புரியும்.

கிட் வாங்கும் முன் அதன் உள்தாளில் நார்ஃபென்டனிலுக்கான குறுக்கு வினையை (அதையும் கிட் எவ்வளவு பிடிக்கிறது என்பதை) தேடிப் படியுங்கள். கல்லீரலில் சிஒய்பி3ஏ4 நொதி ஃபென்டனிலை நார்ஃபென்டனிலாக மாற்றிவிடும். மாறாத ஃபென்டனிலாகச் சிறுநீரில் வருவது கொடுத்த அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சில கிட்கள் நார்ஃபென்டனிலை ஏறக்குறைய பார்ப்பதே இல்லை. உபயோகித்துச் சில நாள் ஆனவரிடம் ஃபென்டனில் வடிந்து, நார்ஃபென்டனில் மட்டும் மிஞ்சியிருக்கும். அப்போது அந்தக் கிட் நெகட்டிவ் சொல்லும். இரண்டு கிட்டுக்கு விலை ஒன்றாக இருந்தால், நார்ஃபென்டனிலையும் பிடிப்பதை எடுங்கள்.

பொய்ப் பாசிட்டிவும் உண்டு. மனநோய்க்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் சில ஃபென்டனில் கிட்களில் பாசிட்டிவ் காட்டியது பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் லேபடலாலுக்கும் அப்படியே. எந்தக் கிட்டாக இருந்தாலும், ஸ்கிரீனிங் பாசிட்டிவ் என்பது ‘சந்தேகம்’ மட்டுமே. கன்ஃபர்மேஷன் (வேறொரு முறையில் உறுதிசெய்தல்) முடியாமல் அதை வைத்து ஒருவரின் வேலையையோ குழந்தையையோ பறிக்கும் முடிவுக்கு யாரும் போகக் கூடாது. ரிப்போர்ட்டிலேயே அந்த வரியை அச்சடித்து வையுங்கள்.

டபென்டடால், டிரமடாலுக்கும் தனித்தனி கிட்கள் உண்டு. சாம்பிள் குறைவாக வரும் லேபில் கிட்டை விட்டுவிட்டு நேரே கீழே சொல்லும் எல்சி-எம்எஸ்/எம்எஸ் (பொருட்களைப் பிரித்து, மூலக்கூறு எடையால் அடையாளம் காணும்) முறைக்குப் போவதே மேல்.

கரைசல்கள்: கணக்கு இங்கே தவறினால் எல்லாம் தவறும்

சான்றளித்த குறிப்புப் பொருளை மெத்தனால் கரைசலாகவே, ஆம்பியூலில் வாங்குங்கள். தூள் வாங்காதீர்கள். 1 மில்லிகிராம் ஃபென்டனில் தூளை எடைபோட எந்த லேபுக்கும் அவசியமில்லை. காற்றில் பறந்து மூச்சில் போவதுதான் இந்தப் பொருட்களில் உண்மையான ஆபத்து. நைட்ரைல் கையுறை, ஃபியூம் ஹூட், கைக்கெட்டும் இடத்தில் நலோக்சோன் (ஓபியாய்டின் வேலையை முறிக்கும் மருந்து), அதைக் கொடுக்கத் தெரிந்த இருவர். இவை இல்லாமல் தொடங்க வேண்டாம். வாங்கவும் வைத்திருக்கவும் வேண்டிய அனுமதியை முன்னதாகவே எடுத்து, இரட்டைப் பூட்டும் பதிவேடும் வைத்துக்கொள்ளுங்கள்.

கலவை ‘அ’: 10 மி.லி. வால்யூமெட்ரிக் குடுவையில், 100 மைக்ரோகிராம்/மி.லி. ஃபென்டனில், நார்ஃபென்டனில் ஒவ்வொன்றிலும் 100 மைக்ரோலிட்டர். 1 மில்லிகிராம்/மி.லி. டிரமடால், ஓ-டெஸ்மெத்தில் டிரமடால், டபென்டடால் ஒவ்வொன்றிலும் 200 மைக்ரோலிட்டர். மெத்தனாலால் கோடுவரை நிரப்புங்கள். ஃபென்டனில் ஜோடி 1 மைக்ரோகிராம்/மி.லி., மற்ற மூன்றும் 20 மைக்ரோகிராம்/மி.லி. இருக்கும்.

கலவை ‘ஆ’: ‘அ’-வில் 1 மி.லி. எடுத்து மெத்தனாலில் 10 மி.லி. ஆக்குங்கள். கலவை ‘இ’: ‘ஆ’-வில் 1 மி.லி., மறுபடி 10 மி.லி. மூன்றையும் −20-ல், இறுக மூடி வையுங்கள். வெளியே எடுத்ததும் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். குளிர்ந்த மெத்தனாலின் கன அளவு சுருங்கியிருக்கும், பிப்பெட்டில் கூடுதலாக ஏறும். நீர்த்த கரைசலை வெறும் தண்ணீரில் செய்யவே கூடாது. ஃபென்டனில் தண்ணீரை விட்டுச் சுவருக்குப் போய்விடும்.

மெத்தனாலைப் பிப்பெட்டில் எடுக்கும்போது நுனியை உற்றுப் பாருங்கள். தண்ணீர் போல் நிற்காது. ஒரு துளி உருண்டு, கனத்து, தானே விழும். நுனியை மூன்று முறை அதே மெத்தனாலால் நனைத்து எடுத்தால் உள்ளே ஆவி நிறைந்து, துளி நிற்கும். பாசிட்டிவ் டிஸ்பிளேஸ்மென்ட் பிப்பெட் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

காலிபிரேட்டர்கள் (அளவு தெரிந்த ஒப்பீட்டுச் சாம்பிள்கள்), ஒவ்வொன்றும் 1 மி.லி., வெறுஞ்சிறுநீர் (இந்த மருந்துகள் இல்லாத சிறுநீர்) 950 மைக்ரோலிட்டரில்:
- 0.5 நானோகிராம்: ‘இ’ 50 மைக்ரோலிட்டர்
- 1, 2, 5: ‘ஆ’ 10, 20, 50 மைக்ரோலிட்டர்
- 10, 25, 50: ‘அ’ 10, 25, 50 மைக்ரோலிட்டர்

இவை ஃபென்டனில் ஜோடிக்கான அளவுகள். மற்ற மூன்றுக்கும் இதே குழாய்களில் 20 மடங்கு, அதாவது 10 முதல் 1000 வரை. 50 மைக்ரோலிட்டருக்குக் குறைவாக ஊற்றிய குழாய்களில் மீதியை மெத்தனாலால் ஈடுசெய்யுங்கள். எல்லாக் குழாயிலும் மெத்தனால் ஒரே அளவு இருக்க வேண்டும்.

கியூசி-யை (முறை சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் தரச் சாம்பிளை) வேறு லாட் ஆம்பியூலில் இருந்து, முடிந்தால் வேறு கையால் செய்யுங்கள்: 1.5, 8, 40. காலிபிரேட்டர் செய்த அதே கரைசலில் கியூசி செய்தால், கணக்கில் செய்த தவறு இரண்டிலும் ஒரே மாதிரி உட்கார்ந்துகொண்டு ‘எல்லாம் சரி’ என்று காட்டும்.

இன்டர்னல் ஸ்டாண்டர்ட் (எல்லாக் குழாயிலும் ஒரே அளவு சேர்க்கும், கனமான ஐசோடோப்பு ஏற்றிய ஒப்பீட்டுப் பொருள்) கலவையில் ஃபென்டனில்-டி5, நார்ஃபென்டனில்-டி5 தலா 100 நானோகிராம்/மி.லி. மற்ற மூன்றுக்கும் அவற்றின் ஐசோடோப்பு வடிவங்கள் தலா 2 மைக்ரோகிராம்/மி.லி. புது லாட் வந்ததும் இன்டர்னல் ஸ்டாண்டர்ட் மட்டும் சேர்த்த வெறுஞ்சிறுநீரை ஓட்டிப் பாருங்கள். டியூட்டீரியம் ஏறாத ஃபென்டனில் அதில் சிறிது கலந்திருந்தால், எல்லாச் சாம்பிளும் கொஞ்சம் பாசிட்டிவாகத் தெரியும்.

பிரித்தெடுத்தல்

சிறுநீரைப் பத்து மடங்கு நீர்த்து நேராக ஊசியில் ஏற்றும் வழியும் உண்டு. டிரமடாலுக்கு அது போதும். 0.5 நானோகிராம் ஃபென்டனிலுக்கு, மிக நல்ல கருவி இல்லாவிட்டால் போதாது. அதனால் திட நிலைப் பிரித்தெடுப்பு.

முதலில் நொதி. டபென்டடாலில் பெரும்பகுதி சிறுநீரில் குளுகுரோனைடாகவும் (சர்க்கரை அமிலத்தோடு உடல் பிணைத்த வடிவம்) கொஞ்சம் சல்ஃபேட்டாகவும் வரும், நொதி அந்தக் குளுகுரோனைடைப் பிரித்துவிடும். விடுபட்ட டபென்டடால் 3 சதவீதம் போலத்தான். நொதி போடாமல் பார்த்தால் 1000 இருக்க வேண்டிய இடத்தில் சில பத்துகள்தான் தெரியும். ஃபென்டனிலுக்கு இந்தப் படி தேவையில்லை, ஆனால் கெடுதலும் இல்லை.

1. 200 மைக்ரோலிட்டர் சிறுநீர், 20 மைக்ரோலிட்டர் இன்டர்னல் ஸ்டாண்டர்ட். சுழற்றுங்கள்.
2. பிஎச் 6.8 பாஸ்பேட் பஃபரில் ரீகாம்பினன்ட் பீட்டா-குளுகுரோனிடேஸ், தயாரிப்பாளர் சொன்ன அளவு. 55 டிகிரியில் 30 நிமிடம். காலிபிரேட்டரும் கியூசி-யும் இதே வழியாகப் போக வேண்டும்.
3. ஆறவிட்டு 600 மைக்ரோலிட்டர் 4 சதவீதப் பாஸ்பாரிக் அமிலம். கலங்கினால் சென்ட்ரிஃபியூஜ் செய்து மேல்நீரை மட்டும் எடுங்கள்.
4. 30 மில்லிகிராம் கலப்பு வகைக் கேட்டயான் மாற்றுக் கார்ட்ரிட்ஜ்: 1 மி.லி. மெத்தனால், 1 மி.லி. தண்ணீர். உலரும் முன் சாம்பிளை ஏற்றுங்கள், நிமிடத்துக்கு 1 மி.லி. வேகத்தில்.
5. 1 மி.லி. 2 சதவீதப் பார்மிக் அமிலத்தாலும், பிறகு 1 மி.லி. மெத்தனாலாலும் கழுவுங்கள். முழு வாக்குவத்தில் 2 நிமிடம் உலர்த்துங்கள்.
6. அன்றைக்கே கலந்த 5 சதவீத அமோனியா-மெத்தனால் 500 மைக்ரோலிட்டரை இரண்டு முறை விட்டு இறக்குங்கள்.
7. 40 டிகிரியில் நைட்ரஜனால் உலர்த்தி, 200 மைக்ரோலிட்டர் கரைப்பானில் (தண்ணீர் 90, மெத்தனால் 10, பார்மிக் அமிலம் 0.1 சதவீதம்) மீண்டும் கரையுங்கள். 20 விநாடி சுழற்றி, 5 நிமிடம் விட்டு, மறுபடி சுழற்றுங்கள்.

இந்த முறையின் உயிர் மூன்றாவது படியில் இருக்கிறது. ஃபென்டனிலின் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் மின்னேற்றத்தோடு இருக்கும் பிஎச்) 8.4 அளவில். அமிலத்தில் அது நேர்மின் ஏற்று, கார்ட்ரிட்ஜின் சல்ஃபோனிக் தொகுதியோடு பிணையும். அந்தப் பிணைப்பு இருப்பதால்தான் ஐந்தாவது படியில் மெத்தனாலைத் துணிந்து ஊற்றி அழுக்கை அடித்துச் செல்ல முடிகிறது. பிணைப்பு சரியாக ஏற்படாவிட்டால் மருந்தும் அந்த மெத்தனாலோடு கழிவுக் குப்பிக்குப் போய்விடும். இன்டர்னல் ஸ்டாண்டர்டும் சேர்ந்தே போவதால் விகிதம் கெடாமல் இருக்கும், எண் நம்பும்படியாகக்கூட வரும். ஆனால் பீக்கின் (கருவி வரையும் முகட்டின்) உயரம் வெகுவாகக் குறைந்திருக்கும். அதனால்தான் இன்டர்னல் ஸ்டாண்டர்டின் பரப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பது. அன்றைய ஓட்டத்தின் சராசரியில் 50 முதல் 150 சதவீதத்துக்கு வெளியே போன எதையும் மறுபடி பிரித்தெடுங்கள்.

இறக்கம் குறைவாக இருந்தால் முதலில் அமோனியாவைச் சந்தேகியுங்கள். திறந்து திறந்து மூடிய பாட்டிலில் அமோனியா பறந்து, வெறும் தண்ணீர்தான் மிஞ்சியிருக்கும். நம் ஊர் வெயிலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மூடி திறந்ததும் கண் எரியாத அமோனியாவை நம்பாதீர்கள்.

நைட்ரஜனை எடுத்த எடுப்பில் வேகமாக விட்டால் குழாயிலிருந்து மெத்தனால் தெறித்து பக்கத்துக் குழாயில் விழும். திரவத்தின் மேல் ஒரு சிறு குழி விழும் அளவுக்குத் தொடங்கி, மட்டம் இறங்க இறங்கக் கூட்டுங்கள். உலர்ந்ததும் உடனே எடுத்துவிடுங்கள்.

நொதி வேலை செய்ததா என்று ஒவ்வொரு பேட்ச்சிலும் தெரிய வேண்டும். வெறுஞ்சிறுநீரில் தெரிந்த அளவு டபென்டடால் குளுகுரோனைடு சேர்த்த ஒரு குழாயை உடன் ஓட்டுங்கள். குறைந்தது 80 சதவீதம் டபென்டடாலாக மீள வேண்டும். ரீகாம்பினன்ட் நொதி சல்ஃபேட்டைப் பிரிக்காது. அந்தச் சிறு பங்கு எப்போதும் கணக்கில் வராமல் நிற்கும் என்பதை முறைக் கையேட்டில் எழுதி வையுங்கள்.

கருவியில்

பிரிகைக் குழல் சி18 அல்லது பைஃபீனைல், 2.1 × 100 மி.மீ., 2.7 மைக்ரோமீட்டர் துகள், 40 டிகிரி. ஓட்டம் நிமிடத்துக்கு 0.4 மி.லி. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மெத்தனால், இரண்டிலும் 0.1 சதவீதப் பார்மிக் அமிலம். மெத்தனால் 5 சதவீதத்தில் தொடங்கி, அரை நிமிடம் நின்று, 5.5-வது நிமிடத்தில் 95. ஒரு நிமிடம் அங்கேயே வைத்து, மீண்டும் 5-க்கு வந்து 1.5 நிமிடம் சமப்படுத்துங்கள். ஏற்றுவது 5 மைக்ரோலிட்டர். எலக்ட்ரோஸ்பிரே, நேர்மின் முறை.

அயனி மாற்றங்கள் (முழு மூலக்கூறின் எடை → அது உடைந்த துண்டுகளின் எடை), முதலில் அளவிடுவது, அடுத்தது உறுதிசெய்வது:
- ஃபென்டனில் 337.2 → 188.1, 105.1
- நார்ஃபென்டனில் 233.2 → 84.1, 150.1
- டிரமடால் 264.2 → 58.1, 246.2
- ஓ-டெஸ்மெத்தில் டிரமடால் 250.2 → 58.1, 232.2
- டபென்டடால் 222.2 → 107.1, 121.1
- ஃபென்டனில்-டி5 342.2 → 188.1, நார்ஃபென்டனில்-டி5 238.2 → 84.1

மோதல் ஆற்றலை (மூலக்கூறை உடைக்கும் ஆற்றலை) உங்கள் கருவியில் நீங்களே ஏற்றி இறக்கிக் கண்டுபிடியுங்கள். வேறு கம்பெனிக் கருவியின் எண் இதற்குப் பொருந்தாது.

264.2-இல்தான் பெரிய பொறி இருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வென்லஃபாக்சின் உடலில் டெஸ்வென்லஃபாக்சினாக மாறும். அதன் மூலக்கூறு வாய்பாடு டிரமடாலின் வாய்பாடேதான்: கார்பன் 16, ஹைட்ரஜன் 25, நைட்ரஜன் 1, ஆக்சிஜன் 2. எடை ஒன்று, 58.1 துண்டும் ஒன்று, 246.2-வும் இரண்டிலும் வரும். உயர் தெளிவுத்திறன் கருவியாலும் எடையை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. காப்பாற்றுவது நேரம் மட்டுமே. டெஸ்வென்லஃபாக்சின் ஃபீனால் தொகுதி கொண்டது, சி18-இல் டிரமடாலுக்கு முன்னால் வெளியேறும். அந்தப் பொருளை வாங்கித் தனியாக ஓட்டி, இரண்டு பீக்கும் அடிமட்டம்வரை பிரிகிறதா என்று பார்க்காமல் இந்த முறையைத் தொடங்காதீர்கள். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர் மேல் போதைப் பழி விழும் வழி இது.

இன்னொரு சிக்கல், அளவு. டிரமடால் மாத்திரை எடுத்தவரின் சிறுநீரில் ஆயிரக்கணக்கில் இருக்கும். 58.1 துண்டோ மிக வலுவானது. டிடெக்டர் நிரம்பிப்போய் வளைகோடு மேலே தட்டையாகும். டிரமடாலின் மோதல் ஆற்றலை வேண்டுமென்றே உகந்த அளவிலிருந்து விலக்கி, குறிகையை ஐந்தில் ஒன்றாக்குங்கள். 1000-க்கு மேல் போன சாம்பிளை வெறுஞ்சிறுநீரால் 20 மடங்கு நீர்த்து, முதல் படியிலிருந்து மறுபடி எடுங்கள்.

பீக் இரண்டாகப் பிளந்தாலோ, முன்பக்கம் சாய்ந்தாலோ, பெரும்பாலும் மீண்டும் கரைத்த திரவத்தில் மெத்தனால் கூடியிருக்கும். முதலில் வெளியேறும் பொருட்கள்தான் இதைக் காட்டிக்கொடுக்கும். ஃபென்டனில் கடைசியில் வருவதால் அழகாகவே நிற்கும்.

கேரி ஓவரை (முந்தைய சாம்பிளின் மிச்சம் அடுத்ததில் தெரிவதை) தினமும் பாருங்கள். உச்சக் காலிபிரேட்டருக்கு அடுத்து வெறும் சாம்பிள். அதில் தெரியும் பீக், 0.5 காலிபிரேட்டரின் பரப்பில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஊசி கழுவும் திரவத்தை மெத்தனால், அசிட்டோநைட்ரைல், ஐசோபுரோப்பனால், தண்ணீர் சம அளவாகக் கலந்து சிறிது பார்மிக் அமிலத்தோடு மாற்றுங்கள். அதோடு ஒரு வழக்கம்: 1–2 நானோகிராம் பாசிட்டிவ் எதுவாக இருந்தாலும், அதற்கு முன் ஓடிய சாம்பிள் என்னவென்று பாருங்கள். அது பல நூறு காட்டியிருந்தால், இதைத் தனியாக மறுபடி ஏற்றுங்கள்.

பாசிட்டிவ் என்று எப்போது சொல்வது

நான்கும் சேர்ந்து வர வேண்டும்: நேரம் காலிபிரேட்டரின் நேரத்தில் 2 சதவீதத்துக்குள், இரு துண்டுகளின் விகிதம் காலிபிரேட்டர் சராசரியில் 30 சதவீதத்துக்குள், இன்டர்னல் ஸ்டாண்டர்ட் வரம்புக்குள், அளவு கட் ஆஃபுக்கு மேல். வளைகோட்டுக்கு 1/எக்ஸ் எடை கொடுங்கள். இல்லாவிட்டால் 50-இன் இழுப்பில் 0.5 தடுமாறும். ஒவ்வொரு காலிபிரேட்டரும் கியூசி-யும் தன் மதிப்பில் 20 சதவீதத்துக்குள் மீள வேண்டும். பத்து சாம்பிளுக்கு ஒரு கியூசி வையுங்கள்.

முறையைச் சரிபார்க்கும் காலத்தில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது மேட்ரிக்ஸ் விளைவுக்கு (சிறுநீரில் உள்ள மற்ற பொருட்கள் குறிகையைக் கூட்டுவது அல்லது குறைப்பது). பத்து வெவ்வேறு மனிதர்களின் வெறுஞ்சிறுநீர் வேண்டும், கெட்டியானதும் நீர்த்ததும் கலந்து. பிரித்தெடுத்த பின் அதில் மருந்தைச் சேர்த்து, தூய கரைப்பானில் அதே அளவு சேர்த்ததோடு ஒப்பிடுங்கள். 25 சதவீதத்துக்கு மேல் கூடினாலும் குறைந்தாலும் காரணம் தேடுங்கள். ஒரே ஒருவரின் சிறுநீரில் சரிபார்த்த முறை அந்த ஒருவருக்கு மட்டுமே சரி.

எண்ணைப் படிப்பது

ஃபென்டனில் ஒரே முறை எடுத்தவரையும் நெடுநாள் உபயோகித்தவரையும் ஒரே கணக்கில் பார்க்கக் கூடாது. நெடுநாள் உபயோகத்தில் அது கொழுப்பில் சேர்ந்து மெல்ல வெளிவரும். சிகிச்சை மையத்தில் இருந்த நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தபோது நார்ஃபென்டனில் சராசரியாக 13 நாள், ஒருவரிடம் 26 நாள் வரையிலும் தெரிந்தது. மையத்தில் சேர்ந்து இரண்டு வாரம் ஆனவரிடம் நார்ஃபென்டனில் கண்டு ‘மறுபடி எடுத்துவிட்டார்’ என்று எழுதினால் அது அநியாயம்.

இந்த இடத்தில் கிரியாட்டினின் உதவும். திங்களன்று நார்ஃபென்டனில் 40, கிரியாட்டினின் 200 மில்லிகிராம்/டெசிலிட்டர் என்றால், கிரியாட்டினின் ஒரு மில்லிகிராமுக்கு 20 நானோகிராம். வியாழனன்று நார்ஃபென்டனில் 30, கிரியாட்டினின் 60 என்றால், 50 நானோகிராம். வெறும் எண் 40-லிருந்து 30-க்கு இறங்கியது போலத் தெரிகிறது. உண்மையில் இரண்டரை மடங்கு ஏறியிருக்கிறது. அடுத்தடுத்த சாம்பிள்களை ஒப்பிடும்போது இந்த விகிதத்தையே எழுதுங்கள். அப்போதும் ஒரே ஒரு உயர்வை வைத்துத் தீர்ப்பு வேண்டாம். எந்த எண்ணை வைத்தும் எடுத்த அளவையோ நேரத்தையோ திருப்பிக் கணக்கிட வேண்டாம். சிறுநீரில் அது முடியாது.

தாய்ப்பொருள் மிக அதிகமாக இருந்து சிதைபொருள் அறவே இல்லையென்றால், மருந்து உடல் வழியாக வரவில்லை, டப்பாவில் கலந்தது என்று சந்தேகிக்கலாம். டிரமடாலில் மட்டும் நிதானம் தேவை. சிஒய்பி2டி6 நொதி பிறவியிலேயே மந்தமாக உள்ளவர்களிடம் ஓ-டெஸ்மெத்தில் டிரமடால் இயல்பாகவே குறைவாக இருக்கும்.

பட்டியலில் இல்லாதவை

இந்த முறை ஐந்து பொருட்களை மட்டுமே பார்க்கும். ஃபென்டனிலின் உறவான கார்ஃபென்டனில் ஓடினாலும் 395.2-ஐக் கேட்காத கருவி அதைக் காட்டாது. 2019-க்குப் பின் பரவிய நைட்டசீன்களுக்கு (இன்னொரு வகைச் செயற்கை ஓபியாய்டு) ஃபென்டனில் கிட்டும் உதவாது, அது வேறு குடும்பம். ஐசோடோனிட்டசீனைச் சேர்க்க விரும்பினால் 411.2 → 100.1, 72.1. ஆனால் புரோட்டோனிட்டசீனுக்கும் அதே வாய்பாடு, அதே துண்டுகள். இரண்டையும் வாங்கி நேரத்தால் பிரித்துக் காட்ட முடியாவிட்டால், ‘ஐசோடோனிட்டசீன் அல்லது புரோட்டோனிட்டசீன்’ என்றே எழுதுங்கள். நோயாளி நலோக்சோனுக்கு எழுந்திருக்கிறார், உங்கள் ஐந்தும் நெகட்டிவ் என்றால், மீதிச் சிறுநீரை உயர் தெளிவுத்திறன் கருவி உள்ள லேபுக்கு அனுப்புங்கள்.

நெகட்டிவ் ரிப்போர்ட்டின் வாசகம் இப்படி இருக்கட்டும்: ‘ஃபென்டனில், நார்ஃபென்டனில் 1 நானோகிராம்/மி.லி.; டிரமடால், ஓ-டெஸ்மெத்தில் டிரமடால், டபென்டடால் 50 நானோகிராம்/மி.லி. அளவில் எல்சி-எம்எஸ்/எம்எஸ் முறையில் காணப்படவில்லை. மற்ற ஓபியாய்டுகள் சோதிக்கப்படவில்லை.’ அந்தக் கடைசி வாக்கியத்தை இடமில்லை என்று வெட்டாதீர்கள். பாசிட்டிவ் வந்த சாம்பிளின் மீதியை முத்திரையிட்டு −20-ல் ஒரு வருடம் வையுங்கள். முடிவை மறுப்பவர் அதை வேறு லேபில் சோதித்துப் பார்க்கக் கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும்.